ஐம்பது வயதுத் தொப்பை, எழுபது வயது மூளை

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கின். இருவருமே சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்கள். பார்த்தால் யாரையும் குண்டு என்று சொல்ல முடியாது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்த்தபோது, யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒய் எழுத்தில் ஆரம்பிப்பதால் ‘ஒய்-ஒய் முரண்’ என்றே மருத்துவ உலகில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியர்களின் உடல்வாகு அப்படி. கை கால் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், கொழுப்பு மட்டும் வயிற்றுக்குள் போய்க் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் மேல்நாட்டில் பி.எம்.ஐ. 30 தொட்டால் உடல் பருமன் என்று வைத்திருக்கும்போது, நமக்கு 25-லேயே கோடு போட்டிருக்கிறார்கள். 23 தொட்டாலே அதிக எடைதான். இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இந்த எண்களைச் சர்க்கரைக்காகவும் மாரடைப்புக்காகவும் சொல்லிப் பலர் கேட்டிருப்பீர்கள். மூட்டுவலிக்குப் போனாலும் எடையைக் குறைக்கச் சொல்வார்கள். நான் எழுத வந்தது மூளையைப் பற்றி. நாற்பது, ஐம்பது வயதில் வயிற்றில் சேரும் கொழுப்பு எழுபது வயதில் நம் நினைவாற்றலையும் யோசிக்கும் திறனையும் பாதிக்கிறது என்று முப்பது, நாற்பது வருடம் மனிதர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன. நம் வீடுகளில் இந்தப் பேச்சே இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

தொப்பை நம் ஊரில் கண்ணில் படாமலே வளரும். ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணத்தின்போது 34 சைஸ், இருபது வருடம் கழித்தும் 34 சைஸ். பெல்ட்டில் அதே ஓட்டைதான். பெல்ட்டுக்கு மேலே வயிறு ஒரு சாண் முன்னால் வந்திருக்கும், அதை எந்தத் துணியும் அளப்பதில்லை. வேட்டிக்கு அளவே கிடையாது. சேலையும் நைட்டியும் எவ்வளவு இடுப்புக்கும் ஈடுகொடுக்கும். சரியான இடுப்பளவு என்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபிறகு, வயிற்றை எக்காமல் எடுப்பது. ஒரு தடவை வீட்டில் எல்லாரையும் நிற்க வைத்து டேப் பிடித்துப் பாருங்கள், பெல்ட் சைஸுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

நாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-ஓ அதற்கு மேலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப்’ என்ற பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது, சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தியது. அதில் இந்தியா முழுக்க பி.எம்.ஐ. படி உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறவர்கள்தான் எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி, “பரவாயில்லை” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்யாணமாகி வந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல கனத்த உடம்பு. சர்க்கரை இருந்தது, பி.பி. இருந்தது, இரண்டுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஏலச்சீட்டுக் கணக்கைக் காகிதமே இல்லாமல் சொல்வார். மார்கழியில் அவர் போடும் புள்ளிக் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து வருவார்கள்.

அறுபத்தைந்துக்கு மேல் அத்தை இளைக்க ஆரம்பித்தார். தானாகவே. சாப்பாட்டில் எதையும் குறைக்கவில்லை, நடைப்பயிற்சியும் கிடையாது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகி, மொத்தமாகப் பிடிக்கக் கொடுத்தோம். கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்களெல்லாம், “நல்லா இளைச்சுட்டீங்களே டீச்சர், எப்படி? எங்களுக்கும் சொல்லுங்க” என்று கேட்பார்கள். அத்தைக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. சர்க்கரை ஏறியதால் இளைக்கிறதோ என்று பரிசோதித்தோம், கட்டுப்பாட்டில்தான் இருந்தது. தைராய்டும் சரியாக இருந்தது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் சில வருடம் கழித்து ஒரு மார்கழிக் காலை. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8-ல் நிறுத்த வேண்டும். நடு வரிசையில் 15 வைத்து, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-ல் முடிக்கிற கோலம். அத்தை தூக்கத்தில் எழுப்பினாலும் போடுவார். அன்றைக்கு மேல்பக்கம் சரியாக வந்தது. கீழ்ப்பக்கம் 11 வரைக்கும் வந்து, அடுத்த வரிசை மறுபடி 11. அதற்கடுத்து 12. நின்று பார்த்தார். அழித்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அதே இடத்தில் தப்பியது. கை பழக்கத்தில் ஓடுகிறது, ஆனால் ‘இப்போது எத்தனையாவது வரிசையில் இருக்கிறேன், அடுத்தது என்ன’ என்று கூடவே வரவேண்டிய கணக்கு வரவில்லை. அத்தைக்கு முதலில் போனது பெயர்களோ முகங்களோ இல்லை. இதுதான். நரம்பியல் மருத்துவர் இதை டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் நோய், என்று சொல்ல இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ரத்தக்குழாய் பாதிப்பும் அல்சைமரும் கலந்த வகை என்றார்.

அத்தையின் எடை எதனால் இறங்கியது என்பதற்கு விளக்கம் எனக்குக் கிடைத்தது ஒயிட்ஹால் ஆய்வில். லண்டனில் 1985-ல் ஆரம்பித்து 10,308 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சேர்ந்தபோது அவர்கள் 35-லிருந்து 55 வயதுக்குள் இருந்தவர்கள். 28 வருடத் தகவலைப் பிரித்துப் பார்த்து அர்ச்சனா சிங்-மனு குழுவினர் 2018-ல் வெளியிட்டார்கள். 50 வயதில் உடல் பருமனாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வருவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் 60 வயது எடையையோ 70 வயது எடையையோ வைத்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு காணவில்லை. நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து பின்னோக்கிப் போனால் படம் தெளிவாகிறது. டிமென்ஷியா வந்தவர்கள் நோய்க்கு 16 வருடத்துக்கு முன்னால்வரை மற்றவர்களைவிட அதிக எடையோடு இருந்திருக்கிறார்கள். சுமார் 8 வருடத்துக்கு முன்பிருந்தே மற்றவர்களைவிடக் குறைந்திருக்கிறார்கள்.

மறதி வெளியே தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே மூளையில் நோய் ஆரம்பித்துவிடுகிறது. பசி, ருசி, மணம், சாப்பிட வேண்டும் என்ற நினைப்பு எல்லாம் மெல்ல மங்குகின்றன, உடம்பு கரைகிறது. வயதானவர் எந்த முயற்சியும் இல்லாமல் இளைத்தால், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் என்று தேடுகிற பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களின் வீட்டிலும் யாராவது பெரியவர் இப்படி இளைத்துக்கொண்டிருக்கலாம். பாராட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாபகப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

வயதான காலத்து எடையை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில் உள்ள ஆபத்தும் இதுதான். 2015-ல் பிரிட்டனில் சுமார் 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. குண்டாக இருப்பவர்களுக்கு டிமென்ஷியா குறைவு, ஒல்லியானவர்களுக்கு அதிகம் என்று அதன் முடிவு. உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு மிகா கிவிமாக்கி தலைமையில் 13 லட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்து, எடை பார்த்த வருடத்துக்கும் நோய் வந்த வருடத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பிரித்துப் பார்த்தார்கள். இடைவெளி குறைவாக இருந்தால் எடை குறைந்தவர்களுக்கு டிமென்ஷியா அதிகம் போலத் தெரிகிறது, ஏனென்றால் நோய்தான் அவர்களை இளைக்க வைத்திருக்கிறது. 20 வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எடை கூடியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டும் உண்மை, காலம்தான் வேறு.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடபகுதியில் ரேச்சல் விட்மர் செய்த ஆய்வையும் சொல்ல வேண்டும். 1964-லிருந்து 1973-க்குள் 40-45 வயதில் உடல் பரிசோதனை செய்துகொண்ட 10,276 பேர். சராசரியாக 27 வருடம் கழித்துப் பார்த்தபோது, பருமனாக இருந்தவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து 74 சதவீதம் அதிகம். கொஞ்சம் எடை கூடியவர்களுக்கே 35 சதவீதம் அதிகம். அதே குழு 2008-ல் வயிற்றை மட்டும் தனியாகப் பார்த்தது. முதுகிலிருந்து வயிற்றின் மேல்பகுதி வரை எவ்வளவு தூரம் என்று ஒரு கவைக்கருவியால் அளந்திருந்தார்கள். தொப்பை மிகப் பெரிதாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகச் சிறிதாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து கிட்டத்தட்ட 3 மடங்கு. கொழுப்பு எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒய்-ஒய் படத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், நம் உடல்வாகுக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி என்று புரியும்.

வயிற்றுக் கொழுப்புக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது ஓயாமல் வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற, உடம்பில் அழற்சியை உண்டாக்கும் பொருட்கள் அவை. காயமோ கிருமியோ இல்லாமலே, வருடக்கணக்கில், குறைந்த அளவில் உடம்பு முழுக்க அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடாமல் காக்க ஒரு தடுப்பு உண்டு. நீண்டநாள் அழற்சியில் அந்தத் தடுப்பு தளர்கிறது. மூளையின் பாதுகாப்புச் செல்களான மைக்ரோக்லியா அமைதி இழக்கின்றன.

அடுத்தது இன்சுலின். இன்சுலின் என்றாலே சர்க்கரையைக் குறைப்பது என்று நினைக்கிறோம். மூளையில் அதற்கு வேறு வேலைகளும் உண்டு. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இன்சுலின் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. ‘போதும், வயிறு நிறைந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. தொப்பையும் கல்லீரல் கொழுப்பும் கூடும்போது உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. காது கேளாதவரிடம் கத்திப் பேசுவதுபோல, கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. கொஞ்ச காலத்தில் மூளையும் அதே செவிட்டு நிலைக்கு வருகிறது. இன்னொன்றும் உண்டு. இன்சுலினைச் சிதைக்கிற ஒரு நொதிதான் அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தையும் சிதைக்கிறது. இன்சுலின் எப்போதும் அதிகமாக இருந்தால் அந்த நொதி அதிலேயே மாட்டிக்கொண்டு அமிலாய்டைக் கவனிக்க முடியாமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. படித்துவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 29 பேர், எல்லாரும் சரியான எடையில் உள்ள ஆரோக்கியமான இளைஞர்கள். அதில் 18 பேருக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 1,500 கலோரிக்குச் சாக்லேட், சிப்ஸ் மாதிரியான நொறுக்குத்தீனி, ஐந்தே நாள். எடை பெரிதாகக் கூடவில்லை. ஆனால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிட்டது. மூளை இன்சுலினுக்குக் காட்டும் பதில் மாறிவிட்டது. நொறுக்குத்தீனியை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் மூளையில் அந்த மாற்றத்தின் தடம் இருந்தது. எடை கூடுவதற்கு முன்னாலேயே மூளை மாறத் தொடங்குகிறது. சியாட்டிலில் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து 2012-ல் செய்த ஆய்விலும் இதே வரிசைதான். எலிகளின் எடை ஏறும் முன்பே, சில நாட்களுக்குள், பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸில் அழற்சி தெரிந்தது.

எம்.ஆர்.ஐ. படங்களிலும் வித்தியாசம் தெரிகிறது. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் என்ற மருத்துவத் தகவல் சேமிப்பில் 9,652 பேரின் படங்களைப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். சரியான எடை உள்ளவர்களின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி சராசரி 798 கன செ.மீ. பி.எம்.ஐ. மட்டும் அதிகமானவர்களுக்கு 793. பி.எம்.ஐ.-யோடு தொப்பையும் இருந்தவர்களுக்கு 786. இவர்களின் சராசரி வயது வெறும் 55. கேம்பிரிட்ஜில் 473 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வு நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியைப் பார்த்தது. நடுவயதில் எடை கூடியவர்களின் வெள்ளைப் பகுதி அவர்களைவிடப் பத்து வயது மூத்த, சரியான எடை உள்ளவர்களுடையது அளவுக்குக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் அறிவுத்திறன் சோதனையில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரிகிற மாற்றம் உடனே மதிப்பெண்ணில் வந்துவிடாது. ஐம்பது வயதில் எல்லாம் நன்றாக இருக்கிறதாக நாம் உணர்வதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

என் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குறட்டை எங்கள் சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம். “படுத்த உடனே குறட்டை, கொடுத்து வைச்ச மனுஷன்” என்பார்கள். நன்றாகத் தூங்குகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஊரே நம்புகிறது. நான் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நின்றுவிடும். ஒரு சத்தமும் இருக்காது, மூச்சும் இருக்காது. மார்பு மட்டும் இழுத்து இழுத்துப் பார்க்கும். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்பார். மத்தியானம் ஆபீஸில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே கண் சொருகும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது என்ன சொல்ல வந்தோம் என்று நிறுத்துவார். அவருக்கு 49 வயது.

ஒரு மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வெயிட்டைக் குறைங்க சார், எல்லாம் சரியாயிடும்” என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்தவர் உட்கார வைத்துப் பேசினார். கழுத்தை அளந்தார். 40 செ.மீ.-க்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார். வீட்டுக்கே ஒரு சின்னக் கருவி கொடுத்துவிட்டார். விரலில் கிளிப், மூக்கில் குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. காலையில் அச்சிட்டு வந்த தாளில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் கோடு இரவு முழுக்க மேலும் கீழும் ரம்பப் பல்லாக இருந்தது. அந்தத் தாளை அவர் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

கழுத்திலும் நாக்கின் அடியிலும் சேரும் கொழுப்பு, படுத்தவுடன் மூச்சுப்பாதையை அமுக்குகிறது. ஆக்சிஜன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மூளை பதறிப் பாதி விழிக்கிறது. மனிதருக்கு அது ஞாபகமே இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கம் வருவதே இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளை தன் கழிவுகளைக் கழுவி வெளியேற்றுகிறது என்று மைகன் நெடர்கார்டின் குழு 2013-ல் எலிகளிடம் காட்டியது. தூங்கும்போது மூளைச் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிகிறது, அமிலாய்டும் வேகமாக வெளியேறுகிறது. இரவு முழுக்க மூச்சுக்குப் போராடுகிறவருக்கு இந்தச் சுத்திகரிப்பு எப்படி ஒழுங்காக நடக்கும்? இப்போது அவர் இரவில் காற்றழுத்த மாஸ்க் போட்டுத் தூங்குகிறார். முதலில் பிடிக்கவில்லை, பழகிவிட்டது. மத்தியானத் தூக்கம் போய்விட்டது, பேச்சு நடுவில் அறுவதும் குறைந்திருக்கிறது. குறட்டை விடுகிறவரின் மனைவியோ கணவரோ இதைப் படித்தால், இன்று இரவு குறட்டை நடுவில் நிற்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

உடல் பருமன் மூளையின் எந்தத் திறனை முதலில் தொடுகிறது என்று பார்த்தால், திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஆசை வந்தவுடன் கையை நீட்டாமல் நிறுத்திக்கொள்வது போன்ற திறன்களில்தான் வித்தியாசம் அடிக்கடி தெரிகிறது. நடுவயதில் அது சின்ன வித்தியாசம்தான், அன்றாட வாழ்க்கையில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டாவது வடையை வேண்டாம் என்று சொல்லத் தேவைப்படுவதும் அதே திறன்தான். போதும் என்று சொல்லும் இன்சுலினும் லெப்டின் என்ற ஹார்மோனும் மூளைக்குக் கேட்காமல் போனபிறகு, தூக்கமும் கெட்டபிறகு, ஒருவரைப் பார்த்து “வாயைக் கட்ட முடியாதா?” என்று கேட்பது அநியாயம். குண்டாக இருப்பவர்களைச் சோம்பேறி, தீனிப்பண்டாரம் என்று சொல்லும் பழக்கம் நம் குடும்பங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. குழந்தைகளைக்கூட விடுவதில்லை. மரபு, மருந்துகள், மாதவிடாய் நிற்கும் வயது, பத்து மணிநேரம் உட்கார்ந்தே செய்யும் வேலை, நடக்க இடமில்லாத தெரு, மலிவாகக் கிடைக்கும் மைதாவும் சர்க்கரையும், இத்தனையும் சேர்ந்துதான் ஓர் உடம்பு பருமனாகிறது. கேலி யாரையும் இளைக்க வைத்ததில்லை. ஒளிந்து சாப்பிட வைத்திருக்கிறது, டாக்டரிடம் போகாமல் தடுத்திருக்கிறது.

பயமுறுத்துவதற்காக நான் எழுதவில்லை என்பதால் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். டிமென்ஷியாவைத் தடுப்பது பற்றிய லான்செட் ஆணையம் 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. அதில் நடுவயது உடல் பருமனுக்குத் தனியாகக் கொடுத்த பங்கு 1 சதவீதம்தான். காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7 சதவீதம். மரபணு வழியாகக் காரணம் தேடும் ஆய்வுகளில் பருமனுக்கும் அல்சைமருக்கும் நேரடித் தொடர்பு உறுதிப்படவில்லை. சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடலுழைப்பு இல்லாமை எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. நம் வீடுகளில் அவை தனித்தனியாக வருவதில்லை. தொப்பையோடு ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. அத்தைக்கு அப்படித்தான் வந்தன. அதனால் அந்த 1 சதவீதத்தைப் பார்த்து நான் ஆறுதல் அடையவில்லை.

நிஜமான ஆறுதல் வேறு இடத்தில் இருக்கிறது. பின்லாந்தில் மியா கிவிபெல்டோ நடத்திய ஃபிங்கர் ஆய்வில் 60-லிருந்து 77 வயது வரை 1,260 பேர். பாதிப் பேருக்கு இரண்டு வருடம் சாப்பாட்டு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி., சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். முதல் குழுவின் மூளைத்திறன் மதிப்பெண் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 55 வயது தாண்டிய 120 பேரில் ஒரு குழு வாரம் மூன்று நாள், 40 நிமிடம், ஒரு வருடம் நடந்தது. அவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெரிதானது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொஞ்சம் சுருங்கியது. நெதர்லாந்தில் எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் மூளைத்திறன் 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தது.

இப்போது எல்லாரும் கேட்பது ஊசி. நாத்தனார் போன வாரம்கூடப் போனில், “அந்த ஊசி போட்டா அம்மாவுக்கு ஞாபகம் திரும்புமாமே?” என்றார். செமாகுளூட்டைட் 2025-ல் எடைக்குறைப்பு ஊசியாக இந்தியாவுக்கு வந்துவிட்டது. எடை குறைப்பதில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2025 நவம்பரில் வந்தது. நோயின் வேகத்தை அது குறைக்கவில்லை. “இல்லம்மா, வந்தப்புறம் அது உதவலை” என்று சொன்னேன். நோய் வருவதற்கு இருபது வருடம் முன்னால் எடையைக் குறைப்பது வேறு, வந்தபிறகு குறைப்பது வேறு.

முப்பது வயது தாண்டியவர்களுக்குத் தொற்றாநோய் ஆபத்தைக் கணிக்க அரசு வைத்திருக்கும் படிவத்தில் இடுப்பளவுக்கென்று ஒரு வரி இருக்கிறது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 தாண்டினால் அதற்கு மதிப்பெண் உண்டு. அந்த வரியை நிரப்பும்போது அளவைச் சொல்லி, இது சர்க்கரைக்கு மட்டுமல்ல, பின்னாளில் உங்கள் ஞாபகத்துக்கும் சம்பந்தப்பட்டது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். இதய நோயைக் காட்டிப் பயமுறுத்தினால் அசையாதவர்கள்கூட, பிள்ளைகளின் பெயர் மறந்துபோகும் என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். என் கணவர் யோசித்தார், தன் அம்மாவைத் தினமும் பார்க்கிறவர் என்பதால்.

எங்கள் அடுப்படியில் இப்போது இரண்டு விதமாகச் சமைக்கிறேன். இந்தியாப் ஆய்வுக் குழுவே 2025-ல் சொன்னது, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அவர் தட்டில் முதலில் மாற்றியது அதைத்தான். சாதம் ஒரு கரண்டி, அதைவிடக் கூடுதலாகப் பொரியல், கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ. ராத்திரி ஒன்பதரை மணி தோசை ஏழரைக்கு வந்துவிட்டது, சாப்பிட்டபின் இருவரும் குளக்கரையைச் சுற்றி நடக்கிறோம். அத்தைக்கு நேர்மாறு. அவருக்கு எடை இனி இறங்கவே கூடாது என்பது மருத்துவர் கட்டளை. பருப்புச் சாதத்தில் நெய் விட்டுக் குழைத்து, ஒரு நாளைக்கு ஐந்து தடவையாகப் பிரித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன். சில நாள், “யாரும்மா நீ, இவ்வளவு நெய் ஊத்துற? வீட்டுல திட்ட மாட்டாங்களா?” என்று கேட்பார். “திட்ட மாட்டாங்க, நீங்க சாப்பிடுங்க அத்தை” என்பேன்.

என் கணவரின் இடுப்பளவு 104-ல் இருந்தது, இப்போது 98. 90-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. அடுத்த அளவு பொங்கல் கழித்து எடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.